கெர்னல் எதையும் சும்மா தருவதில்லை, தெரியுமா?

உங்கள் லினக்ஸ் லேப்டாப்பில் 16 ஜிபி ராம் இருக்கிறதா? அதில் 256 எம்பி உங்களுக்குக் கிடையாது, தெரியுமா? கடைக்காரர் ஏமாற்றவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மொத்த ராமையும் 4 கேபி துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டுக்குப் பெயர் பேஜ். ஒவ்வொரு பேஜுக்கும் 64 பைட்டில் ஒரு கணக்கு எழுதிக்கொள்கிறது: யாரிடம் இருக்கிறது, எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே ஏதாவது மாறியிருக்கிறதா, அவசரத்துக்கு வெளியே தள்ளலாமா? 16 ஜிபியில் ஏறக்குறைய 42 லட்சம் பேஜ். 42 லட்சம் கணக்கையும் கூட்டினால் 256 எம்பி! 1 டிபி ராம் உள்ள சர்வராக இருந்தால் கணக்கு எழுதவே 16 ஜிபி போய்விடும். அதாவது உங்கள் லேப்டாப் முழுசும்!

பேஜைப் பெரிதாக வெட்டினால் கணக்கு குறையுமே என்று தோன்றுகிறதா? குறையும். ஆனால் இடம் வீணாகும். சரி, சின்னதாகவே வைத்துக்கொள்வோம் என்றால் வேகம் போகும். இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் சுருங்குகிறது. கெர்னலுக்குள் மெமரியைக் கவனிக்கிற பகுதி முழுக்க இந்த இழுபறிதான். இந்த இழுபறியில் பெங்களூரின் கை எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்று தெரிந்தால் அசந்துபோவீர்கள்.

ஜோகுபாளையம் தெரியுமா? ஒரு பக்கம் அல்சூர் ஏரி, இன்னொரு பக்கம் தொம்மலூர். தமிழைக் காதில் வாங்கிக்கொண்டே நடந்துபோகக்கூடிய பெங்களூர்த் தெருக்கள். 18 ஆண்டு மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை ஏரிப் பக்கம் நிற்கிறது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதே தொம்மலூரில்தான் ஐபிஎம் முதலான பெரிய கம்பெனிகள் குடியிருக்கும் எம்பஸி கோல்ஃப்லிங்க்ஸ் வளாகம். வேலை அங்கே, வாடகை வீடு இங்கே என்று ஓடுகிற சாஃப்ட்வேர்க்காரர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். அவர்களில் ஒருவரை நடுராத்திரியில் ஆபீஸ் போன் எழுப்புகிறது என்று வையுங்கள். திரையில் வந்து நிற்கக்கூடிய எண்களில் ஒன்று, 137.

அது என்ன 137? புரோகிராம்களை ‘கன்டெய்னர்’ என்ற தனித்தனி டப்பாக்களில் போட்டு ஓட்டுகிற குபெர்நெட்டிஸில், ஓடிக்கொண்டிருந்த ஒரு கன்டெய்னர் கொல்லப்பட்டதற்கான அடையாளம். 128-ஐயும் 9-ஐயும் கூட்டினால் 137. அந்த 9, மறுபேச்சுக்கே இடமில்லாத கொலை சிக்னல். பக்கத்திலேயே ‘ஓஓஎம் கில்ட்’ என்றும் எழுதியிருந்தால் குற்றம் என்ன என்பதும் தெளிவு: ஒதுக்கிய மெமரி எல்லையைத் தாண்டியது. உலகம் முழுக்க எத்தனையோ எஞ்சினியர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த எல்லையை லினக்ஸுக்குள் கொண்டுவந்ததில் பெங்களூர்க்காரர்களின் பங்கு பெரியது, தெரியுமா?

ஐபிஎம் நிறுவனத்தின் லினக்ஸ் டெக்னாலஜி சென்டருக்குப் பெங்களூரில் ஒரு பிரிவு இருந்தது. அங்கே இருந்த பல்பீர் சிங், ஓபன்விஇசட் திட்டத்தின் பாவெல் எமெல்யானோவ் இருவரும் சேர்ந்து எழுதிய மெமரி கன்ட்ரோலர் 2008 ஏப்ரலில், 2.6.25 கெர்னலோடு வெளிவந்தது. செல்லப்பெயர் ‘மெம்சிஜி’. அதன் மூல நிரல் கோப்பின் தலைப்பகுதியில் ‘ஐபிஎம், 2007, பல்பீர் சிங்’ என்று எழுதியிருக்கிறது. கன்டெய்னரைப் பரப்பிய டாக்கர் 2013-ல் வந்தது, குபெர்நெட்டிஸ் 2014-ல் வந்தது. கன்டெய்னர் என்ற பேச்சு தெருவுக்கு வருவதற்கு ஐந்தாறு ஆண்டு முன்பே, ‘இந்தப் புரோகிராம் கூட்டத்துக்கு இவ்வளவு மெமரிதான்’ என்று கோடு போடும் வேலை முடிந்துவிட்டது!

ஆனால் கோடு போடுவதற்கும் விலை உண்டே. 2007-ல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் சிம்போசியத்தில் பல்பீர் சிங்கும் அவரோடு ஐபிஎம்மில் இருந்த வைத்தியநாதன் ஸ்ரீநிவாசனும் ஒரு கட்டுரை தந்தார்கள். அதன் தலைப்பிலேயே ‘சவால்கள்’ உண்டு, ‘பெர்ஃபார்மன்ஸ்’ உண்டு. சரக்கு இன்னும் கெர்னலுக்குள் போகவில்லை, அதற்குள் அதன் செலவைப் பற்றி ஊரறியப் பேசிவிட்டார்கள். என்னைக் கேட்டால், விற்கிறவரே விலையை முதலில் சொல்லிவிடுகிற இந்தப் பழக்கம்தான் கெர்னல் உலகத்தின் பெரிய நாகரிகம்.

செலவு என்ன? ஒவ்வொரு பேஜும் யாருடைய கணக்கில் இருக்கிறது என்று எழுத வேண்டும். ஏற்கெனவே 64 பைட் கணக்கு இருக்கிறதல்லவா? அதற்கு மேல் பேஜ் ஒன்றுக்கு இன்னொரு குட்டிக் கணக்கு! அதுமட்டுமா, சமீபத்தில் தொட்ட பேஜ், தொட்டு நாளான பேஜ் என்று மொத்த மெஷினுக்கும் ஒரு வரிசை, கூட்டத்துக்குக் கூட்டம் தனி வரிசை என ஒரே பேஜ் இரண்டு வரிசையில் நின்றது. கன்டெய்னரே ஓட்டாதவர்களும் இந்தச் சுமையைத் தாங்குவானேன் என்று டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்கள் இதை அணைத்து வைத்தே அனுப்பின. வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் கிளம்பும்போதே சொல்லித்தான் திறக்க வேண்டும். பிறகு கெர்னல் எழுதுகிறவர்களில் ஒருவரான யோஹானஸ் வைனர் வந்து பெருக்கித் துடைத்தார். 2012-ல் 3.3 கெர்னலில் இரட்டை வரிசை ஒன்றானது. 2015-ல் 3.19 கெர்னலில் தனிக் குட்டிக் கணக்கே ஒழிந்தது. பேஜின் சொந்தக் கணக்குக்குள்ளேயே ஒரு சுட்டி, அவ்வளவுதான்.

இதையும் கேளுங்கள்! ஒரு பேஜ் கேட்கும்போதெல்லாம் பொதுக் கணக்கைத் திறந்து ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும்? நூறு சிபியு உள்ள சர்வரில் நூறும் ஒரே எண்ணைத் தொட முட்டிமோதும். அதனால் ஒவ்வொரு சிபியுவும் மொத்தமாக ஒரு தொகையை முன்கூட்டியே எழுதி எடுத்துக்கொண்டு, சில்லறையாகச் செலவு செய்கிறது. வெகுகாலம் ஒரு தடவைக்கு 32 பேஜ். 2022-ல் கூகுளிலிருந்த ஷகீல் பட் அதை 64 ஆக்கினார். நெட்வொர்க் வேகம் கூடியது. ஆனால் 64 பேஜ் என்றால் 256 கேபி. நூறு சிபியுவுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 25 எம்பி வரை கணக்கு முன்னே பின்னே நிற்கலாம்! துல்லியத்தை விட்டுக்கொடுத்து வாங்கிய வேகம் அது.

சரி, 4 கேபி என்று யார் முடிவு செய்தது? இன்டெல் 386 சிப் 1985-ல் அந்த அளவோடு வந்தது. 4 எம்பி ராம் இருந்தாலே பெரிய மெஷின் என்ற காலம். அதில் மொத்தமே 1,024 பேஜ். இன்று ராம் ஆயிரக்கணக்கான மடங்கு வளர்ந்துவிட்டது, சாதாரண பிசியில் பேஜ் மட்டும் அதே 4 கேபி! பேஜ் என்ற ஏற்பாடே அதற்கும் முந்தையது. மான்செஸ்டரில் 1962-ல் ஓடத் தொடங்கிய அட்லஸ் கம்ப்யூட்டரில் ஒரு பேஜ் 512 சொற்கள். எந்தப் பேஜை வெளியேற்றுவது என்று தானாகக் கணிக்கும் ஒரு நிரலும் கூடவே இருந்தது.

4 கேபியால் என்ன கஷ்டம்? ப்ராசஸருக்கு ஒரு முகவரி தெரியும், ராமில் அந்தப் பொருள் கிடக்கிற இடம் வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அட்டவணை பார்க்க வேண்டும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் அது நான்கு அடுக்கு அட்டவணை. ஒரு எண்ணைப் படிக்க வேண்டுமென்றால் அதற்கு முன் நான்கு தடவை மெமரிக்குப் போய் வர வேண்டியிருக்கும்! இதைத் தவிர்க்க, சமீபத்தில் பார்த்த விடைகளை டிஎல்பி என்ற சின்ன இடத்தில் சிப் நினைவில் வைக்கிறது. இன்டெல் ஸ்கைலேக் தலைமுறையில் அதன் இரண்டாம் நிலையில் 1,536 இடம். 4 கேபியால் பெருக்கினால்? வெறும் 6 எம்பி! நூறு ஜிபி டேட்டாபேஸ் ஓடும் மெஷினில் ப்ராசஸருக்குச் சட்டென்று வழி தெரிந்த பகுதி 6 எம்பிதான்.

கிளவுடில் இது இன்னும் மோசம், தெரியுமா? அங்கே கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர். உள்ளே இருப்பதற்கு நான்கு அடுக்கு, வெளியே இருப்பதற்கு நான்கு அடுக்கு. கெட்ட நேரம் என்றால் ஒரே ஒரு எண்ணுக்கு 24 தடவை மெமரிக்கு நடை! இப்போது ஐந்து அடுக்கும் வந்துவிட்டது, 2017-ல் 4.14 கெர்னலிலிருந்து. இரண்டு பக்கமும் ஐந்தடுக்கு என்றால் 35 நடை!

அதனால்தான் 2 எம்பி பெரிய பேஜ். அதே 1,536 இடத்தில் இப்போது 3 ஜிபிக்கு வழி தெரியும். புரோகிராம் எழுதுகிறவர் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம், கெர்னலே பார்த்துக் கொடுக்கும் என்று ஆண்ட்ரியா ஆர்காஞ்சலி 2011-ல் 2.6.38 கெர்னலில் கொண்டுவந்தார். கைதட்டினார்களா? தட்டினார்கள். கொஞ்ச காலத்தில் டேட்டாபேஸ்காரர்கள் ஒவ்வொருவராக ‘தயவுசெய்து இதை அணைத்து வையுங்கள்’ என்று கையேட்டில் எழுதத் தொடங்கினார்கள்!

ரெடிஸ் டேட்டாபேஸைப் பாருங்கள். டேட்டாவை டிஸ்க்கில் சேமிக்க அது தன்னையே ஒரு பிரதி எடுத்துக்கொள்ளும். நிஜத்தில் உடனே எதுவும் பிரதியாவதில்லை; யாராவது ஒரு பேஜில் எழுதினால் அந்தப் பேஜுக்கு மட்டும் பிரதி எடுக்கும் சாமர்த்தியம் கெர்னலிடம் உண்டு. பேஜ் 4 கேபியாக இருந்தால் ஒரு பைட்டை மாற்றினால் 4 கேபி நகல். பேஜ் 2 எம்பியானால் அதே ஒரு பைட்டுக்கு 2 எம்பி நகல். 512 மடங்கு! நேரமும் போச்சு, இடமும் போச்சு. மோங்கோடிபி டேட்டாபேஸும் வெகுநாள் இதே பாட்டைத்தான் பாடியது. 2024-ல் வந்த 8.0 பதிப்பில் அப்படியே குரலை மாற்றி, ‘ஆன் செய்யுங்கள்’ என்றது! உள்ளே மெமரி பங்கிடும் முறையை அவர்கள் மாற்றியதுதான் காரணம். பழைய அறிவுரையைப் பார்த்து இன்னமும் அணைத்து வைத்திருக்கிற சர்வர்கள் எத்தனை இருக்குமோ!

பெரிய பேஜில் இன்னொரு சிக்கல், கிடைப்பது. 2 எம்பி வேண்டுமென்றால் 512 சின்னப் பேஜ்கள் ஒட்டினாற்போல் காலியாக இருக்க வேண்டும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக நாற்பது இலை காலி, ஆனால் பத்துப் பேர் சேர்ந்து உட்கார ஒரு வரிசை இல்லை. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று எல்லோரையும் நகர்த்தினால் இடம் கிடைக்கும். நடு வரிசையில் பெரிய மாமா ஒருவர் ‘நான் எழுந்திருக்க மாட்டேன்’ என்று உட்கார்ந்துவிட்டால்? நகர்த்திய உழைப்பெல்லாம் வீண். கெர்னல் தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொண்ட பல பேஜ்கள் அந்த மாமாக்கள்தான். அவற்றை நகர்த்த முடியாது!

இந்த மாமா பிரச்சினையைப் பிடித்துக்கொண்டவர்கள் யார் தெரியுமா? பெங்களூர்க்காரர்கள் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்கிற இந்திய அறிவியல் கழகத்தில், பேராசிரியர் கே. கோபிநாத்தும் அவருடைய ஆராய்ச்சி மாணவர்களான ஆஷிஷ் பன்வார், அரவிந்த பிரசாத் ஆகியோரும். நகரக்கூடிய பேஜும் நகராத பேஜும் ஒரே 2 எம்பி கட்டத்தில் கலந்து கிடப்பதுதான் லினக்ஸின் பெரும் தலைவலி என்று காட்டி, கலப்புக் கட்டங்களைத் தனியே அடையாளம் வைத்துக் கையாளும் ‘இல்யூமினேட்டர்’ என்ற ஏற்பாட்டை 2018 ஆஸ்ப்ளாஸ் மாநாட்டில் சொன்னார்கள். ஆஸ்ப்ளாஸ் என்பது இந்தத் துறையில் கட்டுரை ஏறுவதே பெரிய விஷயம் என்கிற மாநாடு.

அடுத்த ஆண்டே அதே மேடையில் ‘ஹாக்ஐ’! ஆஷிஷ் பன்வார், கோபிநாத், கூடவே டெல்லி ஐஐடியின் சோரவ் பன்சல். என்னை வாய்பிளக்க வைத்த வேலை இது. ஒருவருக்கு மெமரி கொடுக்குமுன் கெர்னல் அதைப் பூஜ்யங்களால் துடைத்துத்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பு அங்கே இருந்தவரின் பாஸ்வேர்டு உங்கள் கைக்கு வந்துவிடும். 4 கேபி துடைப்பது கண்சிமிட்டல். 2 எம்பி துடைக்க 512 மடங்கு வேலை. கேட்டவர் காத்துக்கிடக்க வேண்டும். ஹாக்ஐ என்ன செய்தது? சும்மா இருக்கும் நேரத்தில் காலி பேஜ்களை முன்கூட்டியே துடைத்து வைத்தது. அதுவும் ப்ராசஸரின் கைப்பக்க மெமரியான கேஷைக் கலைக்காமல் துடைக்கும் தனிக் கட்டளைகளை வைத்து.

கெட்டிக்காரத்தனத்தின் உச்சம் இன்னும் வரவில்லை! பெரிய பேஜ் கொடுத்தால் அதில் பாதியை யாரும் தொடாமல் வீணடிக்கலாம். மெமரி நெருக்கடி வந்தால் அந்த வீணை எப்படித் திரும்பப் பிடுங்குவது? உள்ளே தொடாத பகுதிகள் இன்னமும் பூஜ்யமாகவே இருக்கும் அல்லவா? அவற்றைத் தேடிப் பிடித்து விடுவித்தால் போதும். அதற்கு 4,096 பைட்டையும் படித்துப் பார்க்க வேண்டாமா, அது பெரும் செலவாயிற்றே? இங்கேதான் விஷயம். உபயோகத்தில் உள்ள ஒரு பேஜில் பூஜ்யமல்லாத முதல் பைட் சராசரியாகச் சுமார் பத்தாவது இடத்திலேயே அகப்பட்டுவிடுகிறது என்று அளந்து கண்டார்கள்! ஆக, உயிருள்ள பேஜா என்று அறியப் பத்து பைட் போதும். காலிப் பேஜை மட்டும்தான் கடைசிவரை படிக்க வேண்டும், அதுதான் நமக்கு வேண்டியதும்.

அதே கழகத்தில் அர்கப்ரவ பாசுவின் குழு இன்னும் ஒரு படி போய், 4 கேபி, 2 எம்பி, 1 ஜிபி என மூன்று அளவையும் கலந்து கொடுக்கும் ‘ட்ரைடென்ட்’டை 2021-ல் கொண்டுவந்தது. 1 ஜிபி பேஜ் ஒன்றுக்கு ஒட்டினாற்போல் எத்தனை சின்னப் பேஜ் காலியாக இருக்க வேண்டும்? 2,62,144!

மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன சமாச்சாரம்: எண்பதுகளில் ஜாலஹள்ளி பெல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே தமிழுக்குக் கம்ப்யூட்டரைச் சொன்ன சுஜாதாவும் இதே ஊரில்தான் இருந்தார். இன்று இருந்திருந்தால் அந்தப் பத்து பைட்டை வைத்து ஒரு கட்டுரையாவது எழுதியிருப்பார்.

இன்னொரு பெங்களூர்ச் சங்கதி. பலர் படிக்கும் ஒரு தகவலை ஒருவர் மாற்ற வந்தால் என்ன செய்வது? பூட்டுப் போடலாம். பூட்டினால் படிக்கிறவர்கள் எல்லாம் நின்றுவிடுவார்கள். பூட்டே வேண்டாம், புதுப் பிரதியை வைத்துவிட்டு, பழையதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் முடித்த பிறகு பழையதை அழிக்கலாம் என்பது ‘ஆர்சியு’ முறை. பால் மெக்கென்னியின் பெயர் இதில் பிரபலம். 2002-ல் இதை லினக்ஸுக்குள் கொண்டுவந்ததில் பெங்களூர் ஐபிஎம்மின் திபங்கர் சர்மாவுக்கு முக்கியப் பங்கு உண்டு. கோப்புப் பெயர்களைத் தேடும் பகுதியை இதனால் வேகமாக்கியதில் மணீஷ் சோனியும் சேர்ந்துகொண்டார். படிக்கிறவர்களுக்கு ஏறக்குறைய இலவசம்! விலை? அழிக்கக் காத்திருக்கும் பழைய மெமரி குவிந்துகொண்டே போகும். அந்தக் குவியலை என்ன செய்வது என்று 2016-ல் கட்டுரை எழுதியவர்கள் மறுபடியும் அரவிந்த பிரசாத்தும் கோபிநாத்தும். ஐபிஎம்மில் முடிச்சுப் போட, டாடா இன்ஸ்டிட்யூட்டில் அவிழ்க்க!

கெர்னல் பொய் சொல்லும், தெரியுமா? ஒரு புரோகிராம் 1 ஜிபி கேட்டால் ‘எடுத்துக்கொள்’ என்று உடனே சொல்லிவிடும். ஒரு பைட்கூட அப்போது ஒதுக்காது. தொடும்போதுதான் தரும். எழுதாமல் படிக்க மட்டும் செய்தால், எத்தனை புரோகிராம் எத்தனை இடத்தில் படித்தாலும் பூஜ்யம் நிரம்பிய ஒரே பொதுப் பேஜைத்தான் பெரும்பாலும் காட்டும்! இந்தத் தாராளத்தால் மெஷின் நிறைய வேலையைத் தாங்குகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் நிஜமாகவே உபயோகிக்க வந்துவிட்டால் கொடுக்க இருக்காது. அப்போது யாரையாவது கொன்று இடம் பிடிக்க வேண்டும். அந்தக் கொலைகாரப் பகுதியை முதலில் எழுதியவர் ரிக் வான் ரீல், 1998-ல். யாரைக் கொல்வது என்பதற்கு மதிப்பெண் உண்டு. ‘என்னைத் தொடாதே’ என்று கேட்டுக்கொள்ள -1000, ‘என்னை முதலில் எடு’ என்பதற்கு +1000. தூரத்திலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவை -1000 போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதையும் கொன்றுவிட்டால் சர்வருக்குள் போய் எதையும் சரிசெய்ய முடியாதே!

ராமை அதிகமாக்கினால் பேஜ் தட்டுப்பாடு குறையும் என்றுதானே நினைப்பீர்கள்? கூடவும் கூடும்! ஐபிஎம்மின் லாஸ்லோ பெலாடியும் அவருடைய சகாக்களும் 1969-ல் எழுதிக் காட்டினார்கள். 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பேஜ்களைக் கேளுங்கள். முதலில் வந்ததை முதலில் வெளியேற்றுங்கள். மூன்று இடம் இருந்தால் 9 தடவை ‘இல்லை’ என்று வரும். நான்கு இடம் இருந்தால் 10 தடவை! நம்பிக்கை இல்லையென்றால் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடம்தான்.

அதனால்தான் யாரை வெளியேற்றுவது என்பதில் அறுபதாண்டுச் சண்டை ஓயவில்லை. கூகுளின் யூ ஜாவ் எழுதிய பல தலைமுறை வரிசை முறை 2022 டிசம்பரில் 6.1 கெர்னலில் நுழைந்தது. கூகுளின் அளவீட்டில், பேஜ்களைத் துரத்துகிற கெர்னல் வேலையாளின் சிபியு செலவு 40 சதவீதம் குறைந்தது.

கையிலிருக்கும் போனுக்கு வருவோம். 2017-ல் வந்த ஜியோபோனில் 512 எம்பி ராம். அதே 2017 டிசம்பரில் 1 ஜிபியும் அதற்குக் கீழும் ராம் உள்ள போன்களுக்கென ஆண்ட்ராய்டு கோ பதிப்பு வந்தது. இவ்வளவு சின்ன ராமில் வாட்ஸ்அப்பும் யூடியூபும் ஓடுவது எப்படி? ரகசியங்களில் ஒன்று ‘இசட்ராம்’: உபயோகமில்லாத பேஜ்களை வெளியே தள்ளாமல், ராமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்வது. எழுதியவர் நிதின் குப்தா. ‘காம்ப்கேஷ்’ என்ற பெயரில் தொடங்கி, வருஷக்கணக்கில் கெர்னலின் வாசல் திண்ணையில் காத்திருந்து, 2014 மார்ச்சில் 3.14 கெர்னலில் முறையாக உள்ளே வந்தது. பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ சுருங்கிவிடும் பேஜ்கள் நிறைய. ஆனால் சுருக்கவும் விரிக்கவும் சிபியு வேண்டும், அதற்கு பேட்டரி வேண்டும். ராம் மலிவாகக் கிடைக்காத இடத்தில் பேட்டரியைக் கொடுத்து ராம் வாங்குகிறோம்.

இப்போது ஆண்ட்ராய்டு 15-ல் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது! 4 கேபிக்குப் பதில் 16 கேபி பேஜும் வைக்கலாம். 2024-ல் கூகுள் சொன்ன கணக்கு: மொத்த வேகம் 5 முதல் 10 சதவீதம் கூடும், மெமரி சுமார் 9 சதவீதம் அதிகம் செலவாகும். 2025 நவம்பர் 1 முதல் ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேலும் குறிவைத்து ப்ளே ஸ்டோருக்கு வரும் புது ஆப்கள் 16 கேபிக்குத் தயாராக இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. 12 ஜிபி போன்காரருக்கு அந்த 9 சதவீதம் கண்ணில் படாது. 2 ஜிபி போன்காரருக்குப் படும். யாருடைய போனை மனதில் வைத்து இந்தத் தராசைப் பிடித்திருக்கிறார்கள் என்பது அந்த 9-லேயே தெரிகிறது, இல்லையா?

பாதுகாப்புக்கும் விலை உண்டு. 2018 ஜனவரி 3-ல் ப்ராசஸர்களின் ‘மெல்ட்டவுன்’ ஓட்டை வெளியே வந்தபோது, கெர்னலின் அட்டவணையையும் புரோகிராமின் அட்டவணையையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். கெர்னலுக்குள் போக ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை அட்டவணை மாற்ற வேண்டும். வேலையைப் பொறுத்து ஒன்றுமே தெரியாமலும் போகும், அடிக்கடி கெர்னலைக் கூப்பிடும் வேலையென்றால் நன்றாகவே உறைக்கும். ஒரே ராத்திரியில் உலகத்தின் சர்வர்கள் கொஞ்சம் வயசாகிப்போயின!

சென்னைப் பக்கமும் ஒரு எட்டுப் பார்ப்போம். ஐஐடி மெட்ராஸில் காமகோடியின் குழு உருவாக்கிய சக்தி ப்ராசஸர் 2018-ல் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. சக்தியின் சி வகுப்பில் மூன்றடுக்கு அட்டவணை. முகவரி 39 பிட், அதாவது 512 ஜிபி வரைதான். நான்கடுக்கு இன்டெல்லோடு ஒப்பிட்டால் எல்லை குறைவு, ஒரு நடை மிச்சம்! சின்னக் கருவிகளுக்கான இ வகுப்பில் இந்த அட்டவணை ஏற்பாடே கிடையாது.

கடைசியாக ஒன்று, இதைக் கேட்டால் சிரிப்பு வரும். சாட்பாட்டோடு பேசுகிறீர்களே, பேச்சு நீள நீள அது சொன்னதையும் கேட்டதையும் ஜிபியுவின் மெமரியில் சேர்த்துக்கொண்டே போகும். எவ்வளவு நீளும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் அதிகபட்ச இடத்தைப் பிடித்து வைத்தார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி குழு 2023-ல் அளந்து பார்த்தபோது, பிடித்து வைத்ததில் 20.4 முதல் 38.2 சதவீதம்தான் உண்மையில் உபயோகமாயிற்று! உடனே அவர்கள் கெர்னலின் பழைய பேஜ் யோசனையை அப்படியே எடுத்து, சின்னச் சின்னத் துண்டுகளாக இடம் கொடுக்கும் ‘பேஜ்டு அட்டென்ஷன்’ செய்தார்கள். உலகமே தூக்கி வைத்துக் கொண்டாடியது. விலை? துண்டு துண்டாகக் கிடப்பதைப் படிக்க, கணக்குப் போடும் ஜிபியு நிரல்களையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

‘துண்டு போடும் வேலையை ஜிபியுவின் சொந்த மெமரி ஏற்பாடே செய்யுமே, நிரலை ஏன் தொட வேண்டும்?’ என்று கேட்டவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவின் ரம்யா பிரபு, ஜெயஸ்ரீ மோகன், ராமச்சந்திரன் ராம்ஜி, இந்திய அறிவியல் கழகத்தின் அஜய் நாயக், அவர்களோடு நம் ஹாக்ஐ ஆஷிஷ் பன்வார்! ‘விஅட்டென்ஷன்’ என்று பெயர். நிரலின் கண்ணுக்கு எல்லாம் ஒட்டினாற்போல் ஒரே நீள இடம். அடியில் பேஜ்கள் தேவைக்கேற்ப வந்து சேரும். பேஜ்டு அட்டென்ஷன் நிரல்களோடு ஒப்பிட்டால் 1.23 மடங்கு வரை அதிக வேலை வாங்க முடிந்தது.

ஒரே ஒரு இடைஞ்சல். என்விடியாவின் அந்த ஏற்பாட்டில் கிடைக்கும் மிகச் சின்னப் பேஜே 2 எம்பி. இந்தப் பக்கம் சிபியுவில் 2 எம்பி பேஜ் கிடைக்காதா என்று வருஷக்கணக்காக மாமாக்களோடு மல்லுக்கட்டிய அதே ஆள், இந்தத் தடவை 2 எம்பி ரொம்பப் பெரிசு என்று டிரைவரைத் திறந்து, 64 கேபி பேஜ் தரும்படி மாற்றி எழுத வேண்டியதாயிற்று!